பத்தரை மணிக் கையெழுத்து

கண்ணகி நகர் என்று சொன்னால் போதும், "அந்த ஏரியாவா?" என்று கேட்பவர்கள் சென்னையில் நிறைய. கூவம் கரை, பக்கிங்காம் கால்வாய் ஓரம் என்று பல இடங்களிலிருந்து அப்புறப்படுத்திய குடும்பங்களை 2000 முதல் கொண்டுபோய் இறக்கிய இடம் அது. முதலில் கட்டிய வீடுகள் 195 சதுர அடி. மூட்டை தூக்கின மார்க்கெட்டும் பாத்திரம் தேய்த்த தெருவும் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டன. பஸ் காசு கட்டுப்படியாகாமல் வேலை போனது, பிள்ளைகளின் படிப்பும் பாதியில் நின்றது. அங்கே நடக்கும் குற்றங்களில் இதற்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முதல் வழக்குக்குப் பிறகு நடப்பதுதான் என்னைக் கொதிக்க வைக்கிறது.

செல்போன் பறித்ததாக 19 வயசுப் பையன்மேல் வழக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிகபட்ச தண்டனை 3 வருடம். ஜாமீன் கிடைத்துவிடும். ஆனால் இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், வீட்டு வரி ரசீதோ பத்திரமோ காட்ட வேண்டும். சொந்தக்காரர் எல்லாம் அரசு ஒதுக்கிய வாரிய வீட்டில், கையில் ஒதுக்கீட்டு ஆணை மட்டும். உத்தரவு கையில் இருந்தும் பையன் உள்ளேயே கிடப்பான். ஒரு கொத்தனாரிடம் 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டதை 1978-லேயே மோதி ராம் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் கண்டித்தார். ஜாமீன் கிடைத்தும் 7 நாளில் வெளியே வராதவர் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர், இலவச சட்ட உதவி தரும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றம் சொன்னது. ஒரு மாதமாகியும் பிணை கட்ட முடியாவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்தலாம் என்றும் சொன்னது. குடும்பங்களுக்கு இது தெரிவதில்லை.

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (பிஎன்எஸ்எஸ்), இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர் அதிகபட்ச தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே இருந்தாலே ஜாமீனில் விட வேண்டும். இந்தப் பையனுக்கு ஒரு வருடம். ஆனால் இன்னொரு வழக்கு நிலுவையில் இருந்தால் அந்தச் சலுகை கிடையாது. பழைய கேஸ் ஒன்றில் பேரைச் சேர்த்துவிட்டால் முடிந்தது கதை. 2022 முடிவில் நாட்டின் சிறைவாசிகளில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள்.

வெளியே வந்தாலும் "தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்து" என்று நிபந்தனை இருக்கும். சித்தாள் வேலைக்குக் காலை எட்டு மணிக்கு முன்னாடியே நிற்க வேண்டும். பத்து மணிக்குக் கிளம்புகிறவனை எந்த மேஸ்திரி வைத்துக்கொள்வான்? வேலைக்குப் போனால் கையெழுத்து போச்சு, ஜாமீனை ரத்து செய்ய மனு வரும். கையெழுத்துப் போட்டால் சோறு போச்சு. ஏரியாவில் அடுத்த திருட்டு நடந்ததும் முதலில் தேடப்படுவது நோட்டில் கையெழுத்துப் போடுகிற பையனைத்தான். அப்புறம், பழைய சட்டத்தின் 110-வது பிரிவை வைத்து 'நூற்றுப்பத்து' என்று சொல்லப்படும் வழக்கமான குற்றவாளி நடவடிக்கை, அதில் கேட்கும் நன்னடத்தைப் பிணை, போலீஸ் கண்காணிப்புக்கு வைக்கும் சரித்திரப் பதிவேடு. அந்தப் பையன் கணக்கில் வழக்குகள் கூடிக்கொண்டே போகும்.

குற்ற விகிதம் என்று நாம் படிக்கும் எண், லட்சம் பேருக்கு எத்தனை வழக்குப் பதிவு என்பதுதான். போலீஸ் எங்கே அதிகம் நிற்கிறதோ அங்கே பதிவு கூடும். அதை வைத்து அந்த மக்களின் குணத்தை அளப்பது அநியாயம்.

யாராவது இந்த நிலையில் இருந்தால் நிபந்தனைத் தளர்வு மனு போடச் சொல்லுங்கள். கூலி வேலை செய்வதைக் காட்டி, வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து என்று மாற்றக் கேட்கலாம். சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக வக்கீல் இலவசம்.