கண்ணாடி போட்டுச் செய்யிற முள்ளந்தண்டு ஒப்பரேசனும் எங்கட சனமும்

கொஞ்ச நாளா எங்கட வட்ஸ்அப் குறூப்புகளில ஒரு வீடியோ ஓடுது. டொக்டர் ஒராள் தலையில பெரிய கண்ணாடி ஒண்டை மாட்டிக்கொண்டு முள்ளந்தண்டு ஒப்பரேசன் செய்யிறார், கீழ ஆரோ "இனி வீல்செயாரில இருக்கிற எல்லாரும் நடக்கலாம்" எண்டு எழுதி விட்டிருக்கினம். தயவுசெய்து அந்த வரியோட அதை ஆருக்கும் அனுப்பாதேங்கோ. 2009இல ஷெல் பீஸ் பட்டு இடுப்புக்குக் கீழ உணர்வில்லாமல் இருக்கிற பிள்ளையளின்ர போனுக்கும் அது போகுது. ஒரு அம்மா என்னட்ட "காணியை வித்தாலும் பரவாயில்லை, எவ்வளவு முடியும் தம்பி" எண்டு கேட்டவ.

தொழில்நுட்பம் உண்மைதான். ஒக்மெடிக்ஸ் எண்ட கொம்பனியின்ர எக்ஸ்விஷன் கண்ணாடிக்கு 2019 டிசம்பரில அமெரிக்காவில மருந்து, மருத்துவக் கருவியளுக்கு அனுமதி குடுக்கிற எஃப்டிஏயின்ர அனுமதி கிடைச்சது, 2020 ஜூனில அங்கத்தை ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆஸ்பத்திரியில டொக்டர் டிமத்தி விதாம் அதைப் போட்டுக்கொண்டு ஒரு நோயாளியின்ர முள்ளந்தண்டில ஆறு ஸ்க்ரூ பூட்டினவர். எலும்புக்க ஸ்க்ரூ போற இடம் சரியான ஒடுக்கம், சில மில்லிமீற்றர் உள்பக்கம் விலத்தினா நரம்பு வடம். முந்தி டொக்டர் பக்கத்துத் திரையையும் முதுகையும் மாறி மாறிப் பாக்கவேணும், இதில சீற்றி ஸ்கானில எடுத்த எலும்புப் படம் கண்ணாடிக்குள்ளால நோயாளியின்ர முதுகுக்கு மேலயே தெரியும், தலையைத் திருப்பத் தேவையில்லை. எலும்பில கொழுவியிருக்கிற அடையாளக்குறி கொஞ்சம் அசைஞ்சாலும் படம் பிழையான இடத்தில நிக்கும், அதால பழகின கையும் கட்டாயம் வேணும்.

ஆனா அது ஸ்க்ரூவைச் சரியா வைக்கத்தான். அறுந்த வடத்தை அந்தக் கண்ணாடி ஒட்டாது.

இண்டைக்குப் பனையால விழுற ஒராளுக்கு, ட்ரக்டர் பிரண்டு எலும்பு உடைஞ்ச ஒராளுக்கு, வடம் இன்னும் தப்பியிருந்தா, இப்பிடி ஒப்பரேசன் பெரிய உதவி. எங்கட அரசாங்க ஆஸ்பத்திரியளுக்கும் ஒருநாள் இது வரவேணும் எண்டு நானும் ஆசைப்படுறன். ஆனா நாங்கள் என்ன செய்யிறம்? விழுந்தவனை ரெண்டுபேர் கக்கத்தில பிடிச்சுத் தூக்கி, ஓட்டோவுக்க மடிச்சு இருத்தி, குண்டும் குழியுமான றோட்டால கொண்டு ஓடுறம். தப்பியிருந்த வடமும் அதோட போயிடலாம், பிறகு எந்த நாட்டுக் கண்ணாடி வந்தும் என்ன. ஆபத்தில்லாத இடமெண்டா ஆளை அசைக்காதேங்கோ, தண்ணி குடுக்க எண்டு தலையைத் தூக்காதேங்கோ, இலங்கையில எண்டா 1990 எண்ட நம்பருக்கு அடியுங்கோ, அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். இதைப் பனை ஏறுற ஆக்களுக்கும் பள்ளிக்கூடப் பெடியளுக்கும் ஒவ்வொரு ஊரிலயும் சொல்லிக் குடுக்கவேணும்.

வெளிநாட்டில இருந்து "அந்த மெஷினை வாங்கி அனுப்பட்டோ" எண்டு கேக்கிற உறவுகளே, உங்கட மனசு பெரிசு. ஆனா இப்ப படுக்கையில இருக்கிறவையில கனபேரைக் கொல்லுறது படுக்கைப் புண்ணும் சிறுநீர்க் கிருமியும்தான். காத்து மெத்தை, சிறுநீர் எடுக்கிற குழாய் (கதீற்றர்), வீல்செயார் உள்ள போற மாதிரி ஒரு கக்கூஸ், கிழமைக்கு ஒருக்காலாவது வீட்டுக்கு வந்து பாக்கிற ஒரு பிசியோ, இதுகளுக்கு முதல் காசைத் தாங்கோ. ஆருக்கு என்ன தேவை எண்டு அந்தந்த ஊர் ஆக்களிட்டக் கேட்டுச் சொல்லுறன், இன்பொக்ஸில வாங்கோ.