நன்னடத்தைக்கும் நூற்றாண்டு விழாவுக்கும் என்ன சம்பந்தம்?

ஆயுள் தண்டனை என்றால் பதினாலு வருஷம் என்று டீக்கடையிலிருந்து டிவி விவாதம் வரை அடித்துச் சொல்கிறார்கள். சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆயுள் என்றால் சாகும்வரைதான். காந்தி கொலையில் ஆயுள் பெற்ற கோபால் கோட்சே தொடுத்த வழக்கில் 1961லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மரண தண்டனை வரை போகக்கூடிய குற்றத்தில் ஆயுள் வாங்கியவரைப் பதினாலு வருஷத்துக்கு முன்னால் விடக்கூடாது என்று 1978ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 433-ஏ பிரிவு ஒரு வேலி போட்டது. அதையும் தாண்ட வழி இருக்கிறது: அரசியல் சாசனத்தின் 161வது பிரிவு. கையெழுத்து ஆளுநருடையது, முடிவு அமைச்சரவையுடையது.

நம் ஊரில் அந்த வழி பெரும்பாலும் தலைவர்கள் பிறந்தநாளை ஒட்டித்தான் திறக்கிறது. 2008ல் அண்ணா நூற்றாண்டுக்கு 1,405 ஆயுள் கைதிகள். ஏழு வருஷம் முடித்திருந்தால் போதும். எம்ஜிஆர் நூற்றாண்டுக்குப் பத்து வருஷம். 2021ல் மறுபடி அண்ணா பிறந்தநாள்: 700 பேர் என்று செப்டம்பரில் சட்டசபையில் அறிவிப்பு, யாருக்கெல்லாம் பொருந்தும் என்ற அரசாணை நவம்பரில். எண்ணிக்கை முதலில், ஆள் பிறகு!

முன்விடுதலையே கூடாது என்பவன் இல்லை நான். வெளியே போகவே முடியாது என்று தெரிந்தவனுக்கு உள்ளே ஒழுங்காக இருக்க என்ன காரணம் இருக்கிறது? ராஜீவ் காந்தி கொலை வழக்கின் பேரறிவாளன் 19 வயதில் உள்ளே போனவர். பிளஸ் டூவிலிருந்து எம்சிஏ வரை சிறையிலேயே படித்தார். 2018ல் அவரை விடுவிக்க அமைச்சரவை பரிந்துரைத்தும் ஆளுநரிடம் கோப்பு நகரவில்லை. கடைசியில் உச்ச நீதிமன்றமே 2022 மே மாதம் விடுவித்தது, அவருடைய நடத்தையையும் படிப்பையும் குறிப்பிட்டு.

மதுரை மாவட்டத்து மேலவளவுக்கு வருவோம். 1997ல் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் வந்தவர்களும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தலித் ஒருவர் தலைவரானதுதான் காரணம். ஆயுள் பெற்ற 17 பேரில் மூன்று பேர் 2008லும், 13 பேர் 2019 நவம்பரிலும் வெளியே வந்துவிட்டார்கள். அந்த அரசாணையைக் கேட்டு வழக்கறிஞர் ஒருவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போக வேண்டியிருந்தது. சிறையில் நல்லபடியாகத்தான் இருந்திருப்பார்கள், சந்தேகமில்லை. சிறைக்குள் எந்தத் தலித் தலைவர் நாற்காலியில் உட்காரப் போகிறார், அவர்களுக்குக் கோபம் வர? கொலைக்குக் காரணமான புத்தி மாறியதா என்பதை ஆஜர் எடுக்கும் வார்டரால் சொல்ல முடியாது.

குஜராத்திலும் இதே சொல்தான் வந்தது. 2002 கலவரத்தில் நடந்த கூட்டு வல்லுறவு, கொலைக்காக ஆயுள் பெற்ற பில்கிஸ் பானோ வழக்கின் 11 பேரை 2022 ஆகஸ்ட் 15ல் விடுவித்துவிட்டு, நடத்தை நன்றாக இருந்தது என்று அரசு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. வெளியே வந்தவர்களுக்கு மாலை, இனிப்பு. வழக்கு நடந்தது மகாராஷ்டிரத்தில், விடுவிக்கும் அதிகாரமே உங்களுக்கு இல்லை என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அத்தனை பேரையும் திரும்ப உள்ளே அனுப்பியது. விடுவிக்கும் முன் தனக்குத் தெரிவிக்கவே இல்லை என்று பில்கிஸ் 2022லேயே சொன்னார்.

விடுதலைக் கொள்கை இருக்கும் மாநிலத்தில் தகுதியுள்ள கைதி மனு போடாவிட்டாலும் அரசே பரிசீலிக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பிறகு எதற்கு நூற்றாண்டு விழா? வருஷம் முழுக்க ஒவ்வொருவர் கோப்பாக எடுத்துப் பாருங்கள். நன்னடத்தை அலுவலர் கைதியின் ஊருக்குப் போகும்போது செத்தவர் வீட்டுக்கும் போகட்டும். அவர்கள் சொல்வதையும் கேட்டுவிட்டு விடுவிப்பதானால் விடுவியுங்கள். காரணத்தை எழுதி, அரசாணையை அன்றைக்கே வெளியிடுங்கள்.