தமிழ் டொக்டர் இருந்தால் போதுமோ?

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி நோயாளிகளின் சத்திரசிகிச்சை பற்றி நீங்கள் போட்ட கட்டுரை நல்லது. ஒன்று விட்டுப்போச்சு: 'பண்பாட்டுப் பாதுகாப்பு', அதாவது நோயாளியின்ர பண்பாட்டை மதிச்சுச் சிகிச்சை குடுக்கவேணும் என்ற கருத்தை வளர்த்தவர் இரிஹபெட்டி ராம்ஸ்டன் என்ற மாவோரி தாதி. சிகிச்சை பாதுகாப்பானதா எண்டு சொல்லவேண்டியது நோயாளிதான், டொக்டர் இல்லை எண்டது அவவின்ர வாதம். அங்க வெட்டியெடுத்த உறுப்பைக்கூட, குடும்பம் கேட்டால் திருப்பிக் குடுக்கினம்.

யாழ்ப்பாணத்தில டொக்டரும் நோயாளியும் தமிழர்தானே, பிறகென்ன பிரச்சினை எண்டு கேப்பியள். என்ர மாமிக்குப் பித்தப்பை ஒப்பரேசன். தியேட்டர் வாசலில 'தாலிக்கொடியைக் கழட்டுங்கோ' எண்டு ஒரு அதட்டல். மனிசி நடுங்கிப்போனா. கழட்டத்தான் வேணும், மின்சாரத்தால வெட்டேக்க உலோகம் பட்ட இடம் சுடலாம். அதைச் சொல்ல அரை நிமிசம் காணும். பக்கத்துக் கட்டில்காரிதான் மஞ்சள் கயிறு ஒண்டு எடுத்துக் குடுத்தவ.