ரெக்ஸினை விற்றுவிட்டுப் பராமரிப்பைக் குறை சொல்லாதீர்கள்

"சார், நீங்க சரியா மெயின்டெயின் பண்ணல."

இந்த ஒரு வரியைக் கேட்டாலே எனக்கு இப்போதெல்லாம் காது சூடாகிறது. சோபா கடை, பெல்ட் கடை, ஷூ கடை, எங்கே போனாலும் இதே பாட்டு. விற்கும்போது "ஒரிஜினல் லெதர் சார், உங்க பையன் காலத்துக்கும் வரும்" என்பார்கள். அதே பொருள் உரிந்துபோய்த் திரும்பக் கொண்டுவந்தால், சரக்கு சரியில்லை என்று சொல்ல மட்டும் வாய் வராது. வாங்கியவனுக்கு வைத்துக்கொள்ளத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இந்த முறை அலுவலகப் பை. மூவாயிரத்துச் சொச்சம் விலை. உள்பக்கம் தங்க நிற எழுத்தில் 'ஜென்யூன் லெதர்' என்று முத்திரை வேறு. இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் கைப்பிடி, தோள்பட்டை மடிகிற இடம், நான்கு முனைகள் எல்லாம் கருப்புக் கருப்பாகச் செதில் விட ஆரம்பித்தன. வெள்ளைச் சட்டை போட்டால் தோளில் கரிக்கோடு. மின்சார ரயிலில் பக்கத்தில் நின்ற புண்ணியவான் ஒருவர் ஏதோ பூச்சி என்று நினைத்துத் தட்டிவிட்டார். அது இன்னும் நன்றாகத் தேய்ந்து சட்டையோடு ஒட்டிக்கொண்டது. உரிந்த இடத்தில் என்ன தெரிகிறது என்று பார்த்தேன். வெள்ளையாகப் பின்னல் துணி. எந்த மாட்டுக்கு ஐயா தோலுக்கு அடியில் பனியன் இருக்கிறது?

இதை அப்படியே கடைக்காரரிடம் கேட்டேன். அவர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வெயிலில் வைத்தீர்களா, தண்ணீர் பட்டதா, தோல் வறளாமல் இருக்கப் பூசும் கண்டிஷனர் போட்டீர்களா என்று வரிசையாக விசாரணை நடத்தினார். சென்னையில் ஒரு பை வெயிலும் தண்ணீரும் படாமல் இருக்க வேண்டுமென்றால் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு மஞ்சப்பையோடுதான் வேலைக்குப் போக வேண்டும். கடைசியில் அவர் எடுத்து நீட்டியது என்ன தெரியுமா? 'லெதர் கேர் கிட்.' ஒரு சின்ன டப்பா கிரீம், ஒரு ஸ்பாஞ்ச், ஒரு துணி. எழுநூறு ரூபாய். துணி மேல் ஒட்டிய பிளாஸ்டிக்கை விற்றுவிட்டு, அந்தப் பிளாஸ்டிக்குக்குத் தடவத் தோல் கிரீமையும் நம் தலையிலேயே கட்டப் பார்க்கிறார்கள்!

நடந்தது என்னவென்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இனி யாரும் குற்ற உணர்ச்சியோடு வீடு திரும்ப வேண்டாம். இந்த மாதிரி ரெக்ஸின் பொருள்களில் மேலே இருப்பது பாலியூரிதேன் என்கிற பிளாஸ்டிக் படலம். கடைக்காரர்கள் செல்லமாக 'பியூ' என்பார்கள். மலிவான வகைகளில் காற்றிலிருக்கும் ஈரமே அதன் மூலக்கூறு இணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். பள்ளியில் நீராற்பகுப்பு என்று படித்தோமே, அதேதான். வெப்பமும் ஈரமும் கூடக் கூட அது வேகமாக நடக்கும், அதாவது நம் கடற்கரை ஊர்கள் அதற்குச் சொர்க்கம். பையைப் பயன்படுத்தினாலும் சரி, பெட்டியிலேயே வைத்திருந்தாலும் சரி, நடப்பது நடக்கும். கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்த புது ஷூவின் அடிப்பாகம் மண்டப வாசலில் மாவு மாவாக உதிர்ந்த கதை எத்தனை வீட்டில் கேட்டிருப்பீர்கள்? அதுவும் பெரும்பாலும் இந்தப் பாலியூரிதேன் வேலைதான். மேலே கிரீம் தடவி இதை நிறுத்த முடியாது. கண்டிஷனர் போட்டீர்களா என்று கேட்கிறவருக்கு ஒன்று இது தெரியாது, இல்லை தெரிந்தே கேட்கிறார்.

நிஜத் தோலும் கெட்டுப்போகும், இல்லையென்று சொல்லவில்லை. வறண்டு வெடிக்கும், பூஞ்சை பிடிக்கும், விறைத்துப்போகும், தையல் விடும். ஆனால் செதில் செதிலாக உரிந்து அடியில் துணி காட்டாது.

அப்புறம் அந்த 'ஜென்யூன் லெதர்' முத்திரை. அது தரத்தைச் சொல்கிறது என்று நம்புகிற அப்பாவிகள் இன்னும் நிறைய. மாடு, எருமைத் தோல் தடிமனானது. எந்திரத்தில் கொடுத்து அதை அடுக்குகளாகப் பிளப்பார்கள். மேலடுக்கில்தான் மயிர்க்கால் புள்ளிகளும் நெருக்கமான நாரும் இருக்கும், உறுதி பெரும்பாலும் அங்கேதான். கீழடுக்குக்கு 'ஸ்பிளிட்' என்று பெயர். அதன்மேல் பிளாஸ்டிக் படலத்தை ஒட்டி, சூடான தகட்டால் அழுத்தித் தோல் மாதிரியே ரேகை போட்டு, அதையும் ஜென்யூன் லெதர் என்றே விற்பார்கள். அடியில் இருப்பது தோல்தான் என்பதால் முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. இன்னொரு மகா மோசடி 'பாண்டட் லெதர்'. தோல் வெட்டும்போது விழுகிற தூளையும் துண்டையும் பிசினோடு குழைத்துத் தாளாக்கி மேலே பூச்சு போடுவது. சோபாக்காரர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். என் பை இந்த இரண்டும்கூட இல்லை, முழு பிளாஸ்டிக். அதற்கும் அதே தங்க முத்திரை! முத்திரை குத்த என்ன செலவு?

சிலர் லைட்டர் வித்தை காட்டுவார்கள். பர்ஸ் மேல் சுடரை ஒரு நொடி ஓட்டிவிட்டு, "பாருங்க, எரியல, ஒரிஜினல்" என்று பெருமையாகச் சிரிப்பார்கள். ஒரு நொடி சுடர் பட்டால் பிளாஸ்டிக் பூச்சுகூடப் பல சமயம் தாங்கிவிடும். அதிலிருந்து ஒரு மண்ணும் தெரியாது. வாசனையும் அப்படித்தான், தோல் வாசனை ஸ்பிரேயாகவே விற்கிறது. பார்க்க வேண்டியது வெட்டிய விளிம்பை. பட்டை முடிகிற இடத்திலோ உள் பாக்கெட் ஓரத்திலோ பெயின்ட் பூசாத விளிம்பு கொஞ்சமாவது அகப்படும். நார் நாராக, ஒரே பொருளாக இருந்தால் தோல். துணி, நுரை, படலம் என்று அடுக்கடுக்காகத் தெரிந்தால் வெளியே வந்துவிடுங்கள்.

எனக்கு வயிறு எரிவது வேறு ஒரு காரணத்துக்காகவும்தான். இது நடப்பது தோல் என்றால் என்னவென்றே தெரியாத ஊரிலா? ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் திண்டுக்கல்லும் இருக்கிற மாநிலம் இது. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோலை வெள்ளைக்காரன் காலத்தில் கப்பல் கப்பலாக லண்டனுக்கு அனுப்பிய ஊர் சென்னை. அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948 முதல் இருக்கிறது. பெரியமேட்டில் இறங்கினால் தெருவே தோல் வாசனை. இதற்கு நாம் கொடுத்த விலையும் கொஞ்சநஞ்சமில்லை. பாலாற்றைக் கழிவால் நாசமாக்கியது பற்றி உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்புச் சொன்னது, மாசுபடுத்தியவனே பணம் கட்ட வேண்டும் என்று. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தோல் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து, இரவில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் உட்பட 10 பேர் இறந்தார்கள். ஆற்றையும் நிலத்தடி நீரையும் உயிரையும் கொடுத்து இங்கே செய்யும் நல்ல சரக்கில் பெரும்பகுதி கப்பல் ஏறிவிடுகிறது. நம் ஷோரூமில் நமக்கு மிஞ்சுவது பனியன் துணியில் ஒட்டிய பிளாஸ்டிக்!

ஐரோப்பாவில் 1994-லேயே காலணிகளுக்கு விதி போட்டுவிட்டார்கள். மேல்பகுதி, உள்பகுதி, அடிப்பகுதி மூன்றும் எதனால் ஆனது என்று ஷூவிலேயே எழுத்தாகவோ படமாகவோ காட்ட வேண்டும். தோல் என்றால் விரித்த தோலின் படம். பூச்சு போட்ட தோல் என்றால் அந்தப் படத்துக்குள்ளே ஒரு டைமண்ட் வடிவம். துணிக்கு வலைப்பின்னல். மற்ற எதுவானாலும் வெறும் டைமண்ட். ஆம்பூரிலிருந்து அங்கே போகிற ஷூவிலும் இந்த விவரம் இருந்தாக வேண்டும். ஆக, எந்தப் பகுதி எதனால் ஆனது என்று சொல்ல நம் ஆட்களுக்குத் தெரியும். உள்ளூர்க்காரனிடம் சொல்லத்தான் மனசு வராது.

சரி, பராமரிப்பு பராமரிப்பு என்கிறார்களே, நிஜத் தோலைப் பராமரிப்பது அப்படி என்ன பெரிய வித்தை? வாரம் ஒருமுறை காய்ந்த துணியால் தூசியைத் துடைக்க வேண்டும். நனைந்தால் உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கி அடைத்து, ஃபேன் காற்றில் நிழலில் காயவைக்க வேண்டும். வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காய்ச்சினால் தோல் சுருங்கி விறைத்துவிடும். ஷூவை ஒரு நாள் போட்டால் மறுநாள் ஓய்வு, உள்ளே ஊறிய வியர்வை காய வேண்டாமா? பாலிஷ் என்றால் டப்பாவில் வரும் மெழுகு அல்லது கிரீம், பிரஷ் போட்டுத் தேய்க்கிற வகை. மூடியில் ஸ்பாஞ்ச் வைத்து வருகிற திரவப் பாலிஷ் அவசரத்துக்கு ஆகும், தினமும் போட்டால் மேலே படலமாகப் படிந்து வெடிக்கும். இவ்வளவுதான். இதற்கு எழுநூறு ரூபாய் கிட் வேண்டாம்.

இதைக்கூட நிம்மதியாகச் செய்ய விடமாட்டேன் என்கிறார்கள் யூடியூப் மேதைகள். தேங்காய் எண்ணெய் தடவுங்கள், வாழைப்பழத் தோலால் தேய்க்கவும், டூத்பேஸ்ட் போட்டுக் கறை எடுக்கவும்! எண்ணெயை ஊற்றினால் நிறம் கறுக்கும், தூசி அப்பிக்கொள்ளும், மழைக்காலத்தில் பூஞ்சைக்கு விருந்து. டூத்பேஸ்ட் என்பது அராவுகிற பொருள், கறையோடு சாயமும் வந்துவிடும். பாத்திரம் தேய்க்கிற சோப்பைச் சொல்கிறவர்களும் உண்டு. தோல் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ள பொருள், சோப்போ காரம். இரண்டும் சேர்ந்தால் என்ன நன்மை வரப்போகிறது?

கொஞ்சம் ஆங்கிலம் படித்த கூட்டம் வேறு மாதிரி. 'மாதாமாதம் கண்டிஷன் செய்யவும்' என்று வெளிநாட்டு அறிவுரையை அப்படியே இறக்குமதி செய்கிறார்கள். அது குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடி, காற்று வறண்டு, தோல் வெடிக்கிற ஊருக்கு எழுதியது. ஐப்பசி கார்த்திகையில் சுவரே வியர்க்கிற ஊரில் நம் பிரச்சினை வறட்சியா? பீரோவைத் திறந்தால் பெல்ட் மேல் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சை. அந்த நேரத்தில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் தடவினால் அது கொழுத்து வளரும். இங்கே தோலுக்கு வேண்டியது காற்றோட்டம். வாங்கியபோது கொடுத்த பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி வைக்கக் கூடாது, பழைய தலையணை உறையோ வேட்டித் துணியோ போதும். ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு போடலாம். பூஞ்சை வந்துவிட்டால் வீட்டுக்கு வெளியே வைத்துத் துடைத்து, நிழலில் நன்றாக உலர்த்தி, அப்புறம்தான் லேசாகக் கிரீம். வருடத்துக்கு இரண்டு தடவை கிரீம் போட்டாலே தாராளம்.

எல்லாவற்றையும் விட அநியாயம் ஒன்று இருக்கிறது. எங்கள் தெருமுனையில் குடை நட்டு உட்கார்ந்து செருப்பு தைக்கும் அண்ணனிடம் இந்தப் பையை நீட்டினேன். வாங்கிக்கூடப் பார்க்கவில்லை, விரலால் ஒரு முறை தடவினார். "இது தோலே இல்லையே சார். ஊசி போட்டா அந்த இடமே கிழிஞ்சு வரும், காசு வீண்" என்றார். முடிந்தது விசாரணை! ஏசி போட்டு, டை கட்டி நிற்கிறவருக்குத் தெரியாதது, இல்லை தெரிந்தும் மறைத்தது, வெயிலில் உட்கார்ந்திருக்கிறவருக்கு ஒரு விரல் தடவலில் தெரிகிறது. தலைமுறை தலைமுறையாகத் தோலைத் தொட்டவரைத் தள்ளி உட்காரவைத்த சமூகம் இது. ஷோரூமில் மூவாயிரத்தை மறுபேச்சில்லாமல் நீட்டிவிட்டு, வாரை மாற்ற இவர் நாற்பது கேட்டால் முப்பதுக்கு இழுக்கிற ஆட்களையும் தினம் பார்க்கிறேன். இந்தப் பிளாஸ்டிக் சரக்கால் அவர் பிழைப்பும் போகிறது. நிஜத் தோல் செருப்பென்றால் வார் மாற்றலாம், அடி மாற்றலாம், பல வருடம் ஓட்டலாம். உரிந்த பியூவைத் தைக்க முடியாது, குப்பையில்தான் போட வேண்டும்.

இப்போது புதுசாக 'வீகன் லெதர்'. மாட்டுத்தோல் வேண்டாம் என்பவர்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அது அவரவர் கொள்கை. என் சண்டை பெயர் வைக்கிறவரோடு. அதே பியூவுக்கு இலைப்படம் போட்ட அட்டை மாட்டி இரண்டு மடங்கு விலை வைக்கிறார்கள். அன்னாசி இலையில் செய்தது, கள்ளியில் செய்தது என்று வருகிறவற்றிலும் பெரும்பாலும் மேலே பிசின் பூச்சு உண்டு. ரெக்ஸின் என்று சொல்லி, ரெக்ஸின் விலைக்குக் கொடுங்கள், நானே வாங்கிக்கொள்கிறேன்.

சும்மா விடுவதாக இல்லை. தோல் என்று சொல்லித் தோலல்லாததை விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கக்கூடிய விஷயம்தான். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் முதலில் புகார் சொல்லலாம். பொருளுக்குக் கொடுத்தது ஐந்து லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணம்கூடக் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் எதை வைத்துப் போடுவது? என் பில்லை எடுத்துப் பார்த்தேன். 'பேக் - 1' என்று இருக்கிறது. தோல் என்ற வார்த்தையே எங்கும் இல்லை. முத்திரை குத்தத் தெரிந்தவர்களுக்குப் பில்லில் எழுத மட்டும் தெரியவில்லை. நல்லவேளை, உள்ளே அந்தத் தங்க எழுத்து இன்னும் உரியவில்லை, அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

போன வாரம் பெல்ட் வாங்க வேறு கடைக்குப் போனேன். "நூறு சதவீதம் லெதர் சார்" என்றார். நல்லது, அதைப் பில்லில் எழுதிக் கொடுங்கள் என்றேன். சிஸ்டத்தில் அந்த ஆப்ஷன் இல்லையாம். பரவாயில்லை, பில்லின் பின்பக்கம் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். மேனேஜர் சாப்பிடப் போயிருக்கிறாராம். காத்திருக்கிறேன் என்று அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கழித்துக் கடைக்காரரே வந்து, "சார், பெல்ட் ஸ்டாக் இல்ல" என்று என் கையிலிருந்த பெல்ட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.