மலைப்பாம்பு கெட்டவன் இல்லைடா!

அக்கா மகனுக்கு ராத்திரி கதை படித்துக் காட்டுவது என் வேலை. எட்டு வயசுப் பொடியன். தெரியாத்தனமாக ‘ஜங்கிள் புக்’கைக் கையில் எடுத்துவிட்டேன், அன்றிலிருந்து தினமும் பஞ்சாயத்து.

நேற்று, ஓநாய்கள் வளர்த்த பையன் மோக்லியைக் காப்பாற்ற மலைப்பாம்பு கா கிளம்பும் இடம். பொடியன் விசுக்கென்று எழுந்து உட்கார்ந்தான். “மாமா, தப்பா படிக்கிற. கா கெட்டவன். கண்ணைச் சுத்திச் சுத்தி மயக்கித் தின்னுருவான்.” இதில் இப்படித்தானே இருக்கு என்று பக்கத்தைக் காட்டினேன். “அப்போ புக்கு தப்பு!”

1967இல் டிஸ்னி விட்ட கார்ட்டூன் பார்த்த பார்வை இது. 1894இல் கிப்ளிங் எழுதியதில், குரங்குகள் மோக்லியைத் தூக்கிப் போனதும் கரடி பாலுவும் சிறுத்தை பகீராவும் போய் நின்றது காவிடம்தான். முப்பதடி நீளம். பளிங்குத் தடுப்பை மூக்கால் மோதி மோதி உடைத்துப் பையனை மீட்டது அதுதான். மயங்கிப்போய் அதன் வாய்க்கு நேராக நடந்தவை குரங்குகள். அப்படிப்பட்டதை ‘ஸ்ஸ்ஸ்’ என்று இழுத்துப் பேசும் கோமாளியாக்கினால் வயிறு எரியாதா?

சரி, அதை விடுங்கள். படத்தில் குரங்குகளுக்கு ராஜாவாம்! கதையில் அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் கிடையாது, சட்டம் கிடையாது, காலையில் நினைத்தது சாயங்காலம் ஞாபகம் இருக்காது. அதனால்தான் காடே அவற்றைச் சீந்தாது. அங்கே கொண்டுபோய் ஒரு ராஜா, அதுவும் ஒராங்குட்டான்! போர்னியோ, சுமத்ராவில் வாழ்கிற ஜீவன் மத்தியப் பிரதேசத்து சியோனி காட்டுக்கு எதில் வந்தது, கப்பலிலா?

கதையில் பாலு வாத்தியார். காட்டுச் சட்டத்தைச் சரியாக ஒப்பிக்காவிட்டால் அறை விழும். படத்தில் முதுகைச் சொறிந்துகொண்டு பாடுகிறது. (பாட்டு நல்ல பாட்டுதான். நானே முணுமுணுப்பேன்.)

எனக்கு ஆறவே ஆறாதது பகீரா விஷயம். உதய்ப்பூர் அரண்மனைக் கூண்டில் பிறந்த கருஞ்சிறுத்தை அது. தாடைக்கு அடியில் முடியில்லாத சின்ன இடம், கழுத்துப்பட்டை போட்ட அடையாளம். மோக்லியிடம் மட்டும் அதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லும். காட்டில் வேறு யாருக்கும் தெரியாத ரகசியம். படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். படத்தில் இது சுத்தமாக இல்லை.

“கம்பர் வால்மீகியை மாத்தலையா?” என்கிறார் மச்சான். மாற்றினார், கரைத்துக் குடித்துவிட்டு மாற்றினார். வால்ட் டிஸ்னியோ கதை எழுத வந்தவரிடம் புத்தகத்தைக் கொடுத்து, முதல் வேலையாக இதைப் படிக்காதே என்றாராம்! கடைசியில், ஊர் கல்லெறிந்து விரட்டிய பையன் படத்தில் குடம் தூக்கிய பெண்ணைப் பார்த்து வழிந்துகொண்டே ஊருக்குள் போகிறான்.

“தூங்க வைடான்னா அவன்கூட மல்லுக்கு நிக்கிறியா?” என்று அக்கா வந்து லைட்டை அணைத்துவிட்டுப் போனாள். இருட்டில் பொடியன் பாலு பாட்டை முனகுகிறான். வேண்டுமென்றே.