திங்கட்கிழமை வரைக்கும் பேசாதே அக்கா

(காசிமேடு மீன் மார்க்கெட் வாசல். சனிக்கிழமை காலை. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கூடையில் மீன் குறைவு, வாயில் பேச்சு அதிகம். அஞ்சலை நெத்திலி விற்கிறார். சினிமா போஸ்டர் ஒட்டும் குமார் சைக்கிளில் மைதா பசை வாளியோடு வந்து நிற்கிறான்.)

குமார்: அக்கா, ஒரே ஒரு உதவி. திங்கட்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காதே.

அஞ்சலை: திறக்காமல் நெத்திலியை எப்படி விற்பது? சைகையிலா?

குமார்: மீனைப் பற்றிப் பேசு, படத்தைப் பற்றிப் பேசாதே. நேற்று மதியக் காட்சி பார்த்துவிட்டு வந்து என்ன சொன்னாய்?

அஞ்சலை: தூக்கம் வந்தது என்றேன். அதுவும் ஒரே ஒருத்தியிடம். ஐஸ் விற்கிறாளே, அவளிடம்.

குமார்: அவள் ஐஸோடு சேர்த்து அதையும் 20 கடைக்குப் போட்டுவிட்டாள்! நான் விடிய விடியக் கல்மண்டபத்திலிருந்து தண்டையார்பேட்டை வரைக்கும் ஒட்டியதை நீ ஒரே வார்த்தையில் கிழித்துவிட்டாய்.

அஞ்சலை: மாடு தின்றதையும் என் கணக்கில் எழுதாதே.

குமார்: உனக்கு இந்தத் தொழில் புரியவில்லை அக்கா. வெள்ளி, சனி, ஞாயிறு. விளம்பரத்துக்கு அவ்வளவுதான் ஆயுள். முதல் வாரம் வசூலில் விநியோகஸ்தர் பங்கு அதிகம். வாரம் போகப் போகத் தியேட்டர்காரர் பங்கு ஏறும். அதனால் கூட்டம் முதலிலேயே வந்தாக வேண்டும்.

அஞ்சலை: ஐஸ் உருகுவதற்குள் விற்றுவிட வேண்டும் என்கிறாய்.

குமார்: அதேதான்!

அஞ்சலை: ஆனால் நான் செவுளைத் தூக்கிக் காட்டித்தான் விற்கிறேன். உங்கள் டிரெய்லரில் செவுள் எங்கே? நல்ல இடம் மொத்தமும் அந்த 2 நிமிஷத்திலேயே முடிந்துவிட்டது. மீதிக்கு ஏன் டிக்கெட் வாங்கினேன் என்று உட்கார்ந்திருந்தேன்.

குமார்: அமெரிக்காவில் 1975-ல் ஜாஸ் என்று ஒரு சுறா படம் வந்தது. அதுவரைக்கும் அங்கே பெரிய படம் என்றால் முதலில் சில ஊர்களில்தான் போடுவார்கள். பேச்சு பரவப் பரவத்தான் மற்ற ஊர்களுக்குப் போகும். இதற்கு டிவியில் விளம்பரத்தைக் கொட்டிவிட்டு, ஒரே நாளில் 400-க்கும் மேற்பட்ட தியேட்டரில் இறக்கினார்கள்.

அஞ்சலை: சுறா எத்தனை கிலோ இருக்கும்?

குமார்: இயந்திரச் சுறா அக்கா.

அஞ்சலை: புட்டுக்குக்கூட உதவாதா! சரி, ஓடியதா?

குமார்: பிய்த்துக்கொண்டு ஓடியது.

அஞ்சலை: விளம்பரத்தாலா, படம் நன்றாக இருந்ததாலா?

(குமார் பசையைக் கிளறுகிறான். இப்படிக் கேட்டால் எந்த விளம்பரக்காரரும் பசையைத்தான் கிளறுவார்.)

குமார்: அதை விடு. 2016-ல் கபாலிக்கு விமானத்தின் மேலேயே ரஜினி படம் போட்டார்கள், தெரியுமா?

அஞ்சலை: நீயா ஒட்டினாய்?

குமார்: (ஏக்கமாக) அந்த உயரத்துக்கு மைதா தாங்காது அக்கா.

அஞ்சலை: 1999-ல் சேது வந்ததே, அதை எந்த போஸ்டர் ஓட்டியது? முதலில் தியேட்டரில் ஆளே இல்லை. பார்த்தவன் பார்க்காதவனிடம் சொல்லிச் சொல்லித்தான் கூட்டம் வந்தது. என் வீட்டுக்காரர் அழுதுகொண்டே வந்து கதை சொன்னார். என் தங்கத்தை அடகு வைத்தபோதுகூட அழாத மனுஷன்!

குமார்: சேதுவுக்கு நல்ல வாய் கிடைத்தது. எனக்கு உன் வாய் கிடைத்திருக்கிறது. இங்கே பார், "மாபெரும் வெற்றி" போஸ்டர் புதன்கிழமையே அச்சாகி வந்துவிட்டது. ஒட்டாவிட்டால் கூலி கிடையாது.

அஞ்சலை: படம் வந்ததே வெள்ளிக்கிழமைதானே?

குமார்: அது அச்சகத்துக்குத் தெரியாது. நல்லதாக ஒன்றாவது சொல்லு அக்கா. பொய் வேண்டாம்.

அஞ்சலை: (யோசிக்கிறார்) ஏசி.

குமார்: என்ன ஏசி?

அஞ்சலை: ஏசி நன்றாக இருந்தது. (வலை பின்னுபவர்களைப் பார்த்து உரக்க) அண்ணே! இந்த வெயிலில் ஏன் காய்கிறீர்கள்? புதுப் படத்துக்குப் போங்கள். இரண்டே முக்கால் மணி நேரம் குளுகுளு என்று இருக்கும். கதை நடுவில் வந்து எழுப்பாது!

(திங்கட்கிழமை மதியம். குமார் மூச்சிரைக்க ஓடி வருகிறான்.)

குமார்: அக்கா, மதியக் காட்சி ஹவுஸ்ஃபுல்! ஊரில் வேறு எங்கும் ஆளில்லை, இங்கே மட்டும் கூட்டம். விநியோகஸ்தர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். என் போஸ்டர்தான் காரணமாம்!

அஞ்சலை: இருக்கட்டும். ஆனால் கிளைமாக்ஸில் குண்டு வெடிக்கிறதாமே?

குமார்: ஆமாம், படத்திலேயே பெரிய செலவு அதற்குத்தான்.

அஞ்சலை: அதில் 40 பேர் எழுந்துவிட்டார்களாம், ஒரே கோபம். சத்தத்தைக் குறைக்கச் சொல்லு தம்பி. இல்லையென்றால் நாளைக்குப் பேச்சு மாறிவிடும்.