"இப்ப ஒண்ணும் இல்லியே சார்!"

இந்த வாக்கியத்தை இன்னொரு முறை யாராவது ஒரு மெக்கானிக் என் முகத்தைப் பார்த்துச் சொன்னால், கார் சாவியை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுவேன். ஐந்து மாதமாக இதையே கேட்டேன். நாகர்கோவிலில் கேட்டேன், தக்கலையில் கேட்டேன், களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம் வரை போய் மலையாளத்திலும் கேட்டாயிற்று. "இப்போ ஒரு குழப்பமும் இல்லல்லோ சாரே." இல்லாமல் என்ன, நான் என்ன வேண்டுதலுக்கா இங்கே வந்து நிற்கிறேன்?

வண்டி 2011 மாடல், 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல். செகண்ட் ஹேண்டில் ஆசைப்பட்டு வாங்கியது. "டீசல் எடுத்திருக்கலாம்லா" என்று மச்சினன் அன்றே சொன்னான். அவன் சொன்னது சரியாகிவிடக் கூடாதே என்பதற்காகவே பாதி நாள் இந்தக் காரோடு மல்லுக்கட்டினேன்.

வியாதி இதுதான். திருநெல்வேலியிலிருந்து திரும்பும்போது காவல்கிணறு தாண்டினால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எதிரே வந்து அறையும். ஆடி மாதமென்றால் கேட்கவே வேண்டாம், முப்பந்தல் காற்றாலைகளெல்லாம் சாமி வந்த மாதிரி சுற்றும். அந்த எதிர்காற்றில் ஒரு லாரியை முந்தலாமென்று ஐந்தாம் கியரிலேயே ஆக்சிலேட்டரை அழுத்தினால், 2,500 ஆர்.பி.எம். பக்கம் டர்போ எஞ்சினுக்குள் காற்றை அமுக்க ஆரம்பித்ததும் வண்டி டக் டக் டக்கென்று உதறும். இழுவை போய்விடும். செக் எஞ்சின் விளக்கு கண்ணடிக்கும். காலை எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும். மார்த்தாண்டம் பாலத்தில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஏறும்போதும் இதே கதை, ஆனால் ஒருநாள் வரும், மூன்று நாள் வராது. மழை பெய்த மறுநாள் கட்டாயம் வரும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்கும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். ஆக வருஷத்தில் பாதி நாள் மழை பெய்த மறுநாள்தான்.

அந்த விளக்கு சும்மா எரிந்தால் பரவாயில்லை, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். விட்டுவிட்டு எரிந்தால் அர்த்தமே வேறு. சிலிண்டரில் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் எரிகிறது, அது பழுத்து உருகிவிடலாம் என்று பொருள். அதன் விலையை ஒருமுறை விசாரித்தேன். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

முதல் பட்டறையில் என்ன செய்தார்கள் தெரியுமா? ஸ்கேனரை மாட்டினார்கள். ஏதோ கோடு, அதாவது கோளாறைச் சொல்லும் எண், வந்தது. நான் எட்டிப் பார்ப்பதற்குள் அதை அழித்துவிட்டு, "கோடு கிளியர் பண்ணியாச்சு சார், வண்டி ரெடி" என்றார் தம்பி. அட பாவி! அந்தக் கோடோடு சேர்ந்து, தப்பு நடந்த நொடியில் வண்டி எந்த வேகத்தில் ஓடியது, எத்தனை ஆர்.பி.எம்., எவ்வளவு லோடு, எஞ்சின் சூடு என்ன என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் ஒரு படம் பிடித்த மாதிரி எடுத்து வைத்திருக்கும். கோடை அழித்தால் அதுவும் போச்சு. களவு போன வீட்டில் போலீஸ் வருவதற்கு முன்னால் தரையைக் கழுவி விட்டுவிட்டு, வீடு சுத்தமாக இருக்கிறது என்று சொல்கிற மாதிரி.

அப்புறம் சோதனை. நின்ற இடத்தில் நியூட்ரலில் போட்டு ர்ர்ர், ர்ர்ர் என்று முறுக்கிவிட்டு "ஸ்மூத்தா இருக்கே சார்" என்கிறார்கள். லோடு இல்லாமல் முறுக்கினால் டர்போ எங்கே அமுக்கும்? சிலிண்டருக்குள் காற்று நெருக்கமாக அடைபட அடைபட, பிளக் முனையில் பொறி தாண்டுவதற்குக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். சாதாரணமாக ஓடும்போது தாண்டிவிடுகிற நோஞ்சான் பொறி, டர்போ அழுத்தத்தில் அணைந்துபோகும். ஏற்றத்தில், எதிர்காற்றில், ஆள் ஏற்றிக்கொண்டு போகும்போது மட்டும் மிஸ்ஸிங் (பெட்ரோல் எரியாமல் தவறுவது) வருவது அதனால்தான். இதைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் ஒருவர் என்னோடு காரில் ஏறி ஆரல்வாய்மொழி வரை வரவேண்டும். அரைமணி நேரம். காசு தருகிறேன் என்றும் சொன்னேன். ஒருவரும் வரவில்லை. "மாத்திப் பாப்போம் சார்" என்பது மட்டும் எல்லார் வாயிலும் வந்தது.

மாற்றினோம். பிளக் நாலும் 3,600 ரூபாய். பழைய பிளக்கின் இடைவெளி அகன்றிருந்தது, அதனால் அதில் எனக்குப் புகார் இல்லை. ஒரு வாரம் நன்றாக ஓடியது, எட்டாம் நாள் பழைய குருடி. அடுத்தது பிளக்குக்குப் பொறி வர வோல்டேஜ் கொடுக்கும் இக்னிஷன் காயில். சிலிண்டருக்கு ஒன்றாக நாலு. "ஒண்ணு போனா மத்ததும் பின்னாலயே போயிரும்" என்று செட்டாக மாற்றினார்கள், 11,600. அடுத்த மழைக்கு மறுபடி உதறல். தக்கலையில் காற்று அளக்கும் சென்சார் 5,800, எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் பாடி சுத்தம் செய்ய 1,500. ஒவ்வொரு தடவையும் லேபர் தனி.

இதற்கு நடுவில் டீக்கடை நிபுணர்கள் வேறு. "எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோல்தாம்டே. இருபது சதமானம் கலக்கான், பழைய வண்டி தாங்குமா?" சரி, பழைய வண்டியின் ரப்பர் குழாய்களுக்கு அது ஆகாது என்பது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் நாலு சிலிண்டருக்கும் ஒரே டாங்க், ஒரே பெட்ரோல். கெட்ட பெட்ரோலென்றால் நாலும் இருமவேண்டும் இல்லையா? இருமியது ஒன்றே ஒன்றுதான் என்பது பின்னால் தெரிந்தது.

திருவனந்தபுரத்தில் வால்வில் கரி படிந்திருக்கிறது என்றார்கள். இந்த வகை எஞ்சினில் பெட்ரோல் இஞ்செக்டர் வழியாக நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால் இன்டேக் வால்வை அது கழுவுவதே இல்லை, கரி படியத்தான் செய்யும். அதுவரை சரி. அதற்கு அவர்கள் செய்த வைத்தியம், டாங்கில் ஒரு மருந்தை ஊற்றியது! பெட்ரோலே தொடாத வால்வை, பெட்ரோலில் கலந்த மருந்து எப்படி ஐயா தொடும்? இதைக் கேட்டபோது பில் ஏற்கெனவே அடித்தாகிவிட்டது. 4,500.

மொத்தம் 27,000 ரூபாய், கூலி சேர்க்காமல். வர்ம ஆசான்களுக்குப் பேர்போன ஊர் இது. கை பிசகிப் போனால் ஆசான் முதலில் எங்கே வலி, எப்போது வலி, எப்படித் திருப்பினால் வலி என்று கேட்பார், தொட்டுப் பார்ப்பார், அப்புறம்தான் எண்ணெய்ச் சட்டியை எடுப்பார். என் காருக்கு மட்டும் எடுத்த எடுப்பிலேயே எண்ணெய்.

கடைசியில் ஒருவர் "இஞ்செக்டர்தான், செட்டா நாப்பதாயிரம் ஆகும்" என்றபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. ஆயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு ப்ளூடூத் ஸ்கேனர் வாங்கி போனோடு இணைத்து நானே பார்த்தேன். பி 0302. அடுத்த தடவையும் பி 0302. கடைசி எண் சிலிண்டர். எஞ்சின் தண்டான கிராங்க் சுற்றுகிற வேகத்தில் வரும் துளித் தடுமாற்றத்தை வைத்து, எந்த சிலிண்டர் எரியவில்லை என்று அந்த எஞ்சின் கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுச் சொல்கிறது. ஐந்து மாதமாக அது "ரெண்டு, ரெண்டு" என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறது. நாம் ஒவ்வொரு தடவையும் அதன் வாயைப் பொத்தி அனுப்பியிருக்கிறோம்.

முதல் நாளே இரண்டாவது காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டு, மூன்றாவதை இரண்டில் போட்டு ஓட்டியிருந்தால் போதும். கோடு 0303 என்று மாறினால் காயில் கோளாறு. மாறாமல் இரண்டிலேயே நின்றால் காயில் நல்ல காயில். பத்து நிமிட வேலை, ஒரு ரூபாய் செலவில்லை. இதைச் செய்யாமல் நாலு காயிலை வாங்க வைத்தார்களே, அந்தக் கோபம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம், பார்க்கச் சொல்லி நானே நின்று பார்த்தேன், நாலிலும் ஒரே அளவு. மிச்சம் இஞ்செக்டர், இல்லாவிட்டால் வயரிங்.

முட்டத்தில் படகுகளுக்கு வயரிங் பார்க்கும் ஒரு அண்ணன் இருக்கிறார். கார் பார்ப்பதில்லை என்று முதலில் மறுத்தார். கடலோரம் மணவாளக்குறிச்சியில் வீடு, கார் வெளியில்தான் நிற்கும் என்று சொன்னதும் எழுந்து மீட்டரை எடுத்தார். இரண்டாவது காயிலின் சாக்கெட்டைக் கழற்றாமலே பின்பக்கமாக ஊசியை நுழைத்து, மறுமுனையை பேட்டரி நெகட்டிவில் வைத்தார். என்னை எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கச் சொல்லிவிட்டு வயரை லேசாக வளைத்தார். பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டிய முள் அரை வோல்ட்டைத் தாண்டியது. எர்த் வயர். தோலைக் கிழித்துக் காட்டினார், உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்து, நாலைந்து இழைதான் மிச்சம்.

"உப்புக் காத்துல்லா. வெளிய பாத்தா தெரியாது, உள்ளுக்குள்ள அரிச்சிரும்."

கரண்ட் முழுசாகப் பாயாததால் காயில் நிறையவில்லை, அதனால் பொறி நோஞ்சான். புதுக் காயிலுக்கும் அதே கதி. லோடில் எஞ்சின் அசையும்போது வயரும் வளையும், ஈரம் இறங்கினால் இன்னும் மோசம். வெட்டி, ஈயம் வைத்து, மேலே சுருங்கும் ஸ்லீவ் போட்டார். 350 ரூபாய். அன்று சாயங்காலமே ஆரல்வாய்மொழி போய் எதிர்காற்றில் இரண்டு லாரியை முந்திவிட்டு வந்தேன். அவசியமே இல்லாமல்தான்.

இரண்டு மாதம் ஆகிறது, ஒரு உதறல் இல்லை. போன செவ்வாய்க்கிழமை அந்த முதல் பட்டறைத் தம்பி போன் செய்தார். வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்கத்தான் என்று நினைத்தேன்.

"சார், ஒங்க பழைய காயில் நாலும் கெடக்கா? இங்கன ஒரு பார்ட்டிக்கு அதே மிஸ்ஸிங்கு."

"எந்த சிலிண்டர்?" என்றேன்.

"அதெல்லாம் பாக்கல சார். சும்மா மாத்திப் பாப்போம்னுதான்."